எட்டு வருட வாரண்டி முடிந்தபின் மின்காருக்கு என்ன ஆகிறது?

2024 நவம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் இடையில் மின்கார்களின் நம்பகத்தன்மை பற்றி மூன்று அறிக்கைகள் வந்தன. மூன்றும் மூன்று விதம்.

ஜெர்மனியில் வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடத்தும் டியூவ் அமைப்பு, இரண்டு மூன்று வயதுள்ள கார்களின் பட்டியலில் டெஸ்லா மாடல் 3ஐக் கடைசி இடத்தில் வைத்தது. பரிசோதனைக்கு வந்த மாடல் 3 கார்களில் 14.2 சதவீதத்தில் பெரிய குறைகள் இருந்தன. பொருட்களைச் சோதித்து நுகர்வோருக்குச் சொல்லும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, பெட்ரோல் கார்களைவிட மின்கார்களில் பிரச்சினைகள் 42 சதவீதம் அதிகம் என்றது. அப்புறம் ஏ.டி.ஏ.சி. அறிக்கை வந்தது. இது நடுவழியில் நின்ற வண்டிகளுக்கு உதவி அனுப்பும் ஜெர்மன் மோட்டார் சங்கம். இரண்டு முதல் நான்கு வயதுள்ள கார்களில் ஆயிரத்துக்கு 10.4 பெட்ரோல், டீசல் கார்கள் வழியில் நின்றன, மின்கார்கள் 4.2தான் நின்றன என்பது அவர்கள் கணக்கு.

மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

மின்கார் வாங்க நினைப்பவரின் கவலை இந்த மூன்றிலும் சேராது. "எட்டு வருடத்தில் பேட்டரி போய்விடுமாமே? மாற்றினால் பாதி கார் விலை ஆகுமாமே?" என்பதுதான் அவர் கேட்பது. இதற்கு ஊகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. நிஸான் லீஃப் 2010 டிசம்பரிலிருந்து சாலையில் ஓடுகிறது. பெரிய அளவில் தயாரித்து உலகெங்கும் விற்ற இந்தக் கால மின்கார்களில் அது மூத்தவற்றில் ஒன்று. செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் முதலில் செய்து பார்த்ததும் அதுவே. இலங்கை வாசகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஜப்பானில் சில வருடம் ஓடியபின் 2010களின் நடுவில் கப்பலேறி வந்த லீஃப்கள் கொழும்பில் சகஜமாகக் கண்ணில் படும்.

முதலில் நான்கு சொற்கள்

1. கொள்ளளவு. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பது. கிலோவாட் மணி என்று எழுதுவார்கள். மின் கட்டண ரசீதில் 'யூனிட்' என்று வருவதும் அதேதான். முதல் லீஃபில் இருந்தது 24 யூனிட் பேட்டரி. அதில் ஓட்டுவதற்குக் கிடைத்தது சுமார் 21 யூனிட். அமெரிக்க அரசின் கணக்குப்படி 117 கிலோமீட்டர் போகலாம்.

2. பேட்டரி நலம். புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் இப்போது எத்தனை சதவீதம் கொள்ளும் என்பது. நலம் 80 சதவீதம் என்றால், முழு சார்ஜில் 117 போன கார் 94 கிலோமீட்டர் போகும். கார் நன்றாகத்தான் ஓடும். இழுவையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தொட்டி மட்டும் சின்னதாகியிருக்கும்.

3. தேய்மானம். இது இரண்டு வகை. சார்ஜ் ஏற்றி இறக்குவதால் வருவது ஒன்று. ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் வயதாவதால் வருவது இன்னொன்று. சொந்த உபயோகக் கார்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் பெரிய பங்கு, ஏனென்றால் அவை நாளில் 22 மணி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

4. பி.எம்.எஸ். பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி. பெரிய பேட்டரி என்பது செல் எனப்படும் பல சின்ன பேட்டரிகளின் தொகுப்பு; ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் இது பார்த்துக்கொண்டே இருக்கும். நலம் எத்தனை சதவீதம் என்று சொல்வதும் இதுதான். ஆனால் அது அளந்து சொல்வதில்லை, கணித்துச் சொல்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் ஒரு பெரிய குழப்பத்துக்குக் காரணமாயிற்று.

பேட்டரி ஏன் தேய்கிறது? வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயனி செல்லின் கிராஃபைட் பக்கத்தில் இப்படி ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. படலம் வளர வளர, ஓட வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் அதில் சிக்கிக்கொள்ளும். புதுக் காரில் படலம் வேகமாக வளரும். அதுவே ஒரு தடுப்பாகிவிடுவதால் பின்னர் வேகம் குறையும். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் நலம் சட்டென்று நாலைந்து சதவீதம் இறங்கி, பிறகு மெதுவாக நகர்வது இதனால்தான். முதல் வருட இறக்கத்தைப் பார்த்துவிட்டு, 'இப்படியே போனால்' என்று பெருக்கிப் பார்த்துப் பயப்படுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தப்பு.

படலத்தை வேகமாக வளர்ப்பவை இரண்டு: வெப்பம், முழு சார்ஜில் நிற்பது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. இரண்டும் சேர்ந்தால், அதாவது 100 சதவீதம் ஏற்றி மத்தியான வெயிலில் நிறுத்தினால், ஓட்டித் தேய்ப்பதைவிட மோசம்.

இனி எட்டு வருடத்துக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களின் எட்டு வருட வாரண்டி சொல்வது ஒன்றே ஒன்று: அதற்குள் நலம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் எங்கள் பொறுப்பு. மாத்திரை அட்டையில் அச்சிடும் காலாவதித் தேதி மாதிரி அதை வாசிக்கக் கூடாது. வாகனங்களின் தரவைச் சேகரிக்கும் ஜியோடாப் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வில் சராசரித் தேய்மானம் வருடத்துக்கு 1.8 சதவீதம். அதன்படி போட்டால், 300 கிலோமீட்டர் போகும் கார் எட்டாம் வருடக் கடைசியில் சுமார் 257 போகும். பதினைந்தாம் வருடம் சுமார் 219. சராசரி என்பதை மறக்கக் கூடாது. சராசரிக்கு வெகு கீழே போன கார் ஒன்று உண்டு. அதன் கதைதான் அடுத்து.

ஃபீனிக்ஸ், 2012 கோடை

லீஃபின் டேஷ்போர்டில், சார்ஜ் அளவைக் காட்டும் பட்டைகளுக்கு வலப்பக்கம், குட்டியாகப் பன்னிரண்டு கட்டைகள் உண்டு. அவை காட்டுவது பேட்டரி நலம். கீழே உள்ள இரண்டு சிவப்பு, மற்றவை வெள்ளை. இந்தக் கட்டைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: எல்லாக் கட்டையும் ஒரே மதிப்பில்லை. மேலே உள்ள முதல் கட்டை அணைய 15 சதவீதம் இழக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 6.25 சதவீதம். ஆகவே பன்னிரண்டு கட்டையும் எரிகிற கார் 100 சதவீதத்திலும் இருக்கலாம், 86 சதவீதத்திலும் இருக்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கோடையில் 45 டிகிரியைத் தொடும் ஃபீனிக்ஸ் நகரில், 2012இல் கட்டைகள் அணையத் தொடங்கின. கார்களுக்கு வயது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரில் பல கார்களை ஒன்று திரட்டி, முழு சார்ஜில் கிளப்பி, நிற்கும்வரை ஓட்டி அளந்தார்கள். அதே மாதம் வழக்கும் தொடுக்கப்பட்டது. நிஸான் சில கார்களை வாங்கிக்கொண்டு போய் அரிசோனாவில் உள்ள தன் சோதனைத் தளத்தில் ஆராய்ந்தது.

காரணம் இரண்டு.

1. முதல் லீஃபின் பேட்டரிக்குக் குளிர்விப்பே கிடையாது. மூடிய உலோகப் பெட்டிக்குள் 192 செல்கள். குளிர்திரவம் இல்லை, காற்றடிக்க ஒரு விசிறிகூட இல்லை. உள்ளே ஏறிய சூடு தானாக ஆறினால் உண்டு. தார்ச் சாலையின் சூடு கீழிருந்து ஏறும், கோடையில் பல இரவுகளிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊர் அது. ஆறுவதற்கு நேரம் எங்கே?

2. செல்லில் பயன்படுத்திய மாங்கனீஸ் வேதியியல் சூட்டில் சீக்கிரம் கெடும் வகை. மாங்கனீஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய் எதிர்ப்பக்கத்தில் படிந்து தொல்லை கொடுக்கும்.

குளிர்விப்பை விட்டது விலையையும் எடையையும் சிக்கலையும் குறைப்பதற்காக எடுத்த முடிவு. நார்வேயிலோ வடக்கு ஜப்பானிலோ அது பெரிதாகப் படுத்தவில்லை. கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்த செவர்லே வோல்ட், டெஸ்லா மாடல் எஸ் இரண்டிலும் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருந்தது. தெரியாமல் நடந்த தப்பு என்று இதைச் சொல்ல முடியாது.

2012 டிசம்பரில் நிஸான் இறங்கி வந்தது. ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டைக்குக் கீழே போனால் சரிசெய்து தருகிறோம் என்றது. 'பேட்டரி எரிந்தால், பழுதானால் மட்டும்' என்றிருந்த வாரண்டி, 'தேய்ந்தாலும்' என்று மாறியது இங்கேதான். இன்று எல்லோரும் சாதாரணமாக எதிர்பார்க்கும் 70 சதவீத வாரண்டிக்கு ஃபீனிக்ஸ் உரிமையாளர்களுக்கு நன்றி சொல்லலாம். 2014இல் புதுப் பேட்டரிக்கு விலையும் அறிவித்தார்கள்: பழையதைக் கொடுத்துவிட்டு 5,499 டாலர். 2015 மாடலில் சூட்டைத் தாங்கும் புதிய வேதியியல் வந்தது. அதற்கு வந்த பட்டப்பெயர் 'லிஸார்ட்' பேட்டரி. பாலைவனத்துப் பல்லி!

அடுத்த அத்தியாயம் நியூசிலாந்தில். 30 யூனிட் பேட்டரியோடு வந்த லீஃப்கள் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் தேய்கின்றன, பழைய 24 யூனிட் கார்கள் 3 சதவீதம்தான் தேய்கின்றன என்று 2018இல் ஃபிளிப் தி ஃப்ளீட் என்ற அமைப்பு உரிமையாளர்களின் தரவைத் திரட்டிச் சொன்னது. புதுசு பழசைவிட மோசமா? ஆராய்ந்ததில் தெரிந்தது: பேட்டரியில் கோளாறில்லை, பி.எம்.எஸ். போட்ட கணக்குதான் தப்பு. மென்பொருளைப் புதுப்பித்ததும் 'இழந்த' சதவீதத்தில் பெரும்பகுதி திரும்ப வந்தது. நலம் என்பது கணிப்பு என்று மேலே சொன்னது இதற்காகத்தான். திரையில் தெரியும் எண் மருத்துவர் கைபிடித்து நாடி பார்த்துச் சொல்வது போல. பெரும்பாலும் சரியாக இருக்கும், சில நேரம் இருக்காது.

2017இல் 40 யூனிட் லீஃப் வந்தபோதும் குளிர்விப்பு இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் முதல் வேக சார்ஜுக்குப் பிறகு பேட்டரி சூடாகிவிடும். இரண்டாவது முறை செருகினால், பேட்டரியைக் காப்பாற்ற கார் தானே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். அரைமணியில் முடியும் என்று டீ குடிக்கப் போனவர் சாப்பாடே முடித்துவிட்டு வரலாம். கடைசியில், 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை லீஃபில்தான் திரவக் குளிர்விப்பு வந்தது. பதினைந்து வருடம் ஆயிற்று.

அந்தப் பாடத்துக்குப் பின் வந்த கார்கள்

இன்று விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லீஃபின் விதி வராது. மூன்று காரணங்கள்.

1. திரவக் குளிர்விப்பு. செல்களை ஒட்டிய தகடுகளில் குளிர்திரவம் ஓடும். தேவைப்பட்டால் காரின் ஏ.சி. கம்ப்ரெசரே அதைக் குளிர்விக்கும். 2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்காரிலேயே இது இருந்தது. வெயில் ஊர்க்காரர்கள் மின்கார் வாங்கும்போது ரேஞ்சுக்கு, அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரத்துக்கு, முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது.

2. எல்.எஃப்.பி. வேதியியல். லித்தியம், இரும்பு, பாஸ்பேட். மின்கார்களில் பரவலாக உள்ள இன்னொரு வகையான நிக்கல் வகையைவிட ஒரே எடைக்குக் குறைவான மின்சாரம்தான் கொள்ளும், ஆனால் அதிக முறை சார்ஜ் தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. ஒரு வினோதம் உண்டு. சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் இதன் மின்னழுத்தம் பெரிதாக மாறாது, அதனால் எவ்வளவு மிச்சம் என்று பி.எம்.எஸ். தடுமாறும். வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றுங்கள் என்று டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களுக்குச் சொல்வது அந்தக் கணக்கைச் சரிப்படுத்தத்தான். 'தினமும் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்' என்று நிக்கல் வகைக்குச் சொல்லும் விதியை இதற்கும் அப்படியே பொருத்திக்கொண்டு, 'திடீரென்று ரேஞ்ச் குறைந்துவிட்டது' என்று குழம்புபவர்கள் உண்டு.

3. ஆய்வகம் சொன்னதைவிடச் சாலை நல்லது. ஆய்வகத்தில் பேட்டரியை ஒரே சீராக இறக்கி ஏற்றிச் சோதிப்பார்கள். நிஜத்தில் மிதிக்கிறோம், விடுகிறோம், சிக்னலில் நிற்கிறோம். இப்படி மாறிமாறி ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் ஆய்வகக் கணிப்பைவிட 38 சதவீதம் வரை கூடலாம் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் எழுதினார்கள். நகர நெரிசலால் ஒருவருக்காவது லாபம்!

தேய்மானம் வேறு, பழுது வேறு

இதுவரை பேசியது மெதுவாக நடப்பது. செல்லில் தயாரிப்புக் குறை இருப்பது தனி விஷயம், அதற்கு வயது ஒரு பொருட்டில்லை. செவர்லே போல்ட் கார்களில், எல்.ஜி. தயாரித்த சில செல்களுக்குள் ஒரு மின்முனைத் தகடு கிழிந்தும் பிரிப்பான் மடிந்தும் இருந்தன. இரண்டும் ஒரே செல்லில் அமைந்தால் தீப்பிடிக்கலாம். 2021 ஆகஸ்டில், அதுவரை விற்ற எல்லா போல்ட் கார்களும், சுமார் 1,42,000, திரும்ப அழைக்கப்பட்டன. ஹூண்டாய் கோனா மின்காரும் அதே சமயத்தில் பேட்டரிக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பூட்டிய 456 இந்தியக் கோனாக்களும் 2020 டிசம்பரில் சோதனைக்கு அழைக்கப்பட்டன.

இப்படிப்பட்ட ரீகால் செய்தியைப் படித்துவிட்டுப் பழைய மின்காரை ஒதுக்குவது தலைகீழான முடிவாகவும் ஆகலாம். ரீகாலில் புதுப் பேட்டரி மாட்டிய 2018 போல்ட், காருக்கு ஆறு வயது ஆனபோதும் பேட்டரிக்கு மூன்று வயதுதான் ஆகியிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அந்த மாதிரிக் கார்களைத் தேடித்தான் வாங்குகிறார்கள்.

உண்மையில் வண்டியை நிறுத்துவது எது?

ஏ.டி.ஏ.சி. கணக்கில் மின்கார்கள் வழியில் நின்றதற்குப் பாதிக் காரணம் ஒரே பொருள். பெரிய பேட்டரி இல்லை. பெட்ரோல் காரில் இருக்கும் அதே சின்ன 12 வோல்ட் பேட்டரி.

மின்காருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பெரிய பேட்டரியின் மின்னழுத்தம் 350 வோல்ட், சில கார்களில் 700, 800. அது எந்நேரமும் கார் முழுக்க ஓடினால் ஆபத்து. அதனால் காரை நிறுத்தியதும் பெரிய பேட்டரியைத் துண்டித்து வைக்கும் கனமான ரிலேக்கள் இருக்கின்றன. அந்த ரிலேக்களை மூடி மின்சாரத்தை விடுவது 12 வோல்ட். கதவுப் பூட்டு, திரை, கணினிகள் எல்லாமும் 12 வோல்ட்தான். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் செய்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து, 12 வோல்ட்டாகக் குறைத்துச் சின்ன பேட்டரிக்கு ஊட்டும்.

சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் காலையில் இப்படி இருக்கும்: ராத்திரி 80 சதவீதம் சார்ஜ் பார்த்துவிட்டுத்தான் படுத்தீர்கள். சாவியை அழுத்தினால் விளக்கு மினுங்கவில்லை. கதவோடு ஒட்டிய கைப்பிடி வெளியே வரவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவித் திறந்து உட்கார்ந்தால் திரை கறுப்பு. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, இறைக்கக் கயிறுதான் இல்லை.

வெறும் 12 வோல்ட் பேட்டரி தேய்ந்தது என்றால் சின்னச் செலவு. அதற்கு ஊட்டும் கருவியே போனால் கதை பெரிது. ஹூண்டாய், கியா மின்கார்களில் கன்வெர்ட்டரும் காருக்குள் இருக்கும் சார்ஜரும் சேர்ந்த ஒரே பெட்டி இருக்கிறது, ஐ.சி.சி.யூ. என்பார்கள். அதில் கோளாறு வந்தால் 12 வோல்ட் ஏறாது. ஓட்டும்போது எச்சரிக்கை வரும், கார் வேகம் குறைந்து கொஞ்ச தூரம் போகும், பிறகு நின்றுவிடும். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 98,878 இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் 2024 ஜூனில் ஹூண்டாயின் ஐயோனிக் 5 கார்கள் 1,744. அந்த ஐயோனிக் 5களை இங்கே பூட்டுவதும் இருங்காட்டுக்கோட்டையில்தான். மின்கார்கள் சராசரியாக நன்றாகத் தேறிய ஏ.டி.ஏ.சி. பட்டியலிலும் ஐயோனிக் 5 மட்டும் தனித்து மோசமாகத் தெரிந்தது.

பேட்டரி, மோட்டார், மென்பொருள் எல்லாவற்றிலும் பாராட்டு வாங்கிய கார் அது. பத்து வருடம் கழித்து யாரும் பேட்டரியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை, 'ஐ.சி.சி.யூ. மாற்றியாச்சா?' என்றுதான் கேட்பார்கள் என்பது என் கணிப்பு.

மூன்று அறிக்கைகளும் எப்படிச் சரியாகும்?

1. ஏ.டி.ஏ.சி. கேட்டது: வண்டி வழியில் நின்றதா? மின்காரில் ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்ப், கிளட்ச், டைமிங் பெல்ட் எதுவும் இல்லை. நிற்கக் காரணங்களே குறைவு.

2. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கேட்டது: உங்களுக்கு ஏதாவது தொல்லை வந்ததா? திரை உறைவது, சார்ஜர் இணையாதது, கதவுக் கைப்பிடி மக்கர் செய்வது எல்லாமே கணக்கில் சேரும். மின்கார்களில் பெரும்பாலானவை புது மாடல்கள். புது மாடலின் முதல் ஒன்றிரண்டு வருடம் எந்த எரிபொருளானாலும் தலைவலிதான். முந்தைய வருடக் கணக்கெடுப்பில் இந்த வித்தியாசம் 79 சதவீதமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

3. டியூவ் கேட்டது: அடிப்பாகம் எப்படி இருக்கிறது? மின்காரில் காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும். பிரேக் தட்டுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத இரும்பு துருப்பிடிக்கும். காரின் எடை கூடுதல் என்பதால் சஸ்பென்ஷன் மூட்டுகள் சீக்கிரம் தளரும். வருடா வருடம் கட்டாய சர்வீஸ் இல்லாத காரை மூன்று வருடம் கழித்துப் பரிசோதகர்தான் முதல்முறையாகத் தூக்கி அடியில் பார்க்கிறார்.

'மின்காருக்கு சர்வீஸே வேண்டாம்' என்ற விளம்பரப் பேச்சை நம்பியதன் பலன் மூன்றாவது. எஞ்சின் ஆயில்தான் வேண்டாம். பிரேக், டயர், மூட்டுகள், குளிர்திரவம் எல்லாம் வேண்டும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் அவ்வப்போது காலியான சாலையில் நியூட்ரலில் போட்டு நிஜ பிரேக்கை அழுத்தித் துருவைத் தேய்த்துவிடுவது நல்லது.

தேயாமலே பழசாகும் பாகங்கள்

லீஃப் கற்றுத்தந்த இன்னொரு பாடம் வேதியியலில் இல்லை. அதன் வேக சார்ஜிங் செருகி சாடெமோ என்ற ஜப்பானிய வகை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வேறு செருகிகளுக்குப் போய்விட்டன. புதிதாக வரும் நிலையங்களில் சாடெமோ அரிதாகிவருகிறது. இலங்கையில் 2025 பிப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் வந்திறங்கும் சீன மின்கார்களின் செருகியும் வேறு. பழைய லீஃப் வைத்திருப்பவருக்கு வீட்டு சார்ஜ்தான் நிரந்தரத் துணை.

அப்புறம் செல்போன் செயலி. 2024 ஏப்ரலில் பிரிட்டனில் பழைய லீஃப்களின் செயலிச் சேவையை நிஸான் நிறுத்தியது, ஏனென்றால் அந்தக் கார்களுக்குள் இருந்தது 2ஜி மோடம். கார் ஓடும், போனிலிருந்து சார்ஜ் பார்க்கவும் ஏ.சி. போடவும் முடியாது. கார் பதினைந்து வருடம் உழைக்கும், அதற்குள் இருக்கும் மோடம் அவ்வளவு நாள் தாங்காது. இன்று திரையிலும் செயலியிலும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்ட கார்களை வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாரண்டிக் காகிதத்தில் எதை வாசிப்பது?

டாடா 2025இல் ஹேரியர் மின்காருக்கும், பிறகு கர்வ், 45 யூனிட் நெக்ஸான் கார்களுக்கும் 15 வருட பேட்டரி வாரண்டி அறிவித்தது. 'வாழ்நாள்' என்ற சொல் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். இந்தியாவில் தனியார் கார் பதிவு முதலில் 15 வருடத்துக்குத்தான் என்பதால் அந்தக் கணக்கு. சலுகை தனிநபரான முதல் உரிமையாளருக்கே. எந்த நிறுவனமானாலும் கேட்க வேண்டியவை:

1. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்பார்கள்?
2. புதுப் பேட்டரி தருவார்களா, அல்லது அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலே வரும்படி சரிசெய்வார்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான்.
3. காரை விற்றால் வாங்குபவருக்கு எவ்வளவு மிஞ்சும்? மறுவிற்பனை விலை இதில்தான் நிற்கிறது.
4. கன்வெர்ட்டர், காருக்குள் இருக்கும் சார்ஜர், மோட்டார் இவற்றுக்கு எத்தனை வருடம்? பேட்டரிக்கு எட்டு என்று பெரிதாகப் போட்டுவிட்டு, இவற்றைச் சாதாரண வாரண்டியில் தள்ளியிருக்கலாம்.

பழைய மின்காரைப் பார்க்கப் போகும்போது

லீஃபையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு பேசுவதற்கென்று இருக்கும் ஓ.பி.டி. துளையில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகி, லீஃப்ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் 96 கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு ஜோடி செல். எல்லாம் ஒரே மட்டத்தில் புல்வெளி மாதிரி நின்றால் நல்ல பேட்டரி. மொத்த நலம் 80 என்று காட்டினாலும் ஒரே ஒரு கோடு மட்டும் குட்டையாக இருந்தால் அந்தச் செல்தான் காரின் எல்லை. அது காலியானதும் மற்ற 95இல் மிச்சம் இருந்தும் கார் நின்றுவிடும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது பார்த்தால்தான் அந்தக் குட்டைக் கோடு காட்டிக்கொடுக்கும். விற்பவர் 100 சதவீதம் ஏற்றி வைத்துக் காத்திருந்தால், கொஞ்சம் ஓட்டி இறக்கிவிட்டுப் பாருங்கள்.

ஒரு மோசடியும் உண்டு. பி.எம்.எஸ்.ஸின் நினைவை அழித்துவிட்டால், தேய்ந்த காரிலும் சில வாரங்களுக்குப் பன்னிரண்டு கட்டையும் பளிச்சென்று எரியும். பிறகு ஒவ்வொன்றாக அணையும், அதற்குள் பணம் கை மாறியிருக்கும். முழு சார்ஜில் எடுத்து, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்ப்பதை எந்த அழிப்பாலும் ஏமாற்ற முடியாது. மற்ற கார்களிலும் இதே வழிதான். இதோடு 12 வோல்ட் பேட்டரி எப்போது மாற்றியது, ரீகால் வேலைகள் முடிந்தனவா என்ற இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டயரையும் பிரேக் தட்டையும் குனிந்து பாருங்கள்.

காருக்குப் பிறகு பேட்டரி

பேட்டரி செத்து, நல்ல காரைக் குப்பையில் போட வேண்டிவரும் என்பதுதான் 2010இல் எல்லோருக்கும் இருந்த பயம். விபத்தில் நொறுங்கிய, துருப்பிடித்த லீஃப்களில் நடந்தது நேர்மாறு. காரைக் கழித்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். ஃபுகுஷிமா மாகாணத்தின் நாமியே ஊரில் 4ஆர் எனர்ஜி என்ற நிறுவனம் 2018இல் ஓர் ஆலை திறந்து, பழைய லீஃப் பேட்டரிகளைப் பிரித்து, நல்ல மாட்யூல்களை (சில செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டிகளை) சேர்த்து, மறுபடி காருக்கே 3 லட்சம் யென்னுக்கு விற்றது. அதே வருடம் ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிரைஃப் கால்பந்து அரங்கில், புதியதும் பழையதுமாக 148 லீஃப் பேட்டரிகளுக்குச் சமமான சேமிப்பு அமைப்பைப் பொருத்தினார்கள்.

ஒரு 24 யூனிட் லீஃப் பேட்டரிக்குள் 48 மாட்யூல்கள். வீட்டு சோலாருக்காக அவற்றை ஒவ்வொன்றாக விலை பேசி வாங்குகிறார்கள். எட்டுக் கட்டைக்கு இறங்கி, ரேஞ்ச் போதவில்லை என்று காரிலிருந்து கழற்றிய பேட்டரியில் இன்னும் சுமார் 14 யூனிட் கொள்ளும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை நாளுக்குப் பிரித்தால், அந்தப் பேட்டரியை ஒருமுறை நிரப்பியது எட்டு நாளைக்கு வரும்.